பிலடெல்பியாவின் தோல் வாளிகள்

டெலவேர் ஆற்றங்கரையில் உள்ள பிலடெல்பியா, ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு சிறு நகரமாய், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தே சென்று திரும்பக்கூடியதாய் இருந்த காலத்தில், 1730-ஆம் வருஷம் துறையை ஒட்டி மூண்ட பெருந்தீ, அங்கிருந்த கிடங்குகளையும் வீடுகளையும் சாம்பலாக்கியது.

அவ்வூரில் அச்சுக்கூடம் வைத்துப் பத்திரிகை நடத்திவந்த பெஞ்சமின் பிராங்க்ளின், 1735-இல், தமக்கு இருபத்தொன்பதே வயதாகியிருந்தபோதிலும், கைகள் முடங்கிப்போன ஒரு விருத்தர் எழுதுவதுபோல் தம் பத்திரிகையிலேயே ஒரு கடிதத்தைப் பிரசுரித்தார். ஓர் அறையின் கணப்பிலிருந்து மற்றோர் அறைக்குத் தணலைத் திறந்த கரண்டியில் ஏந்தி மாடிப்படி ஏறும் வழக்கத்தை அதில் கண்டித்தார். படியின் இடுக்கில் விழுந்த சிறு கங்கு ஒருவர் கண்ணிலும் படாமல் கனன்றிருந்து, நள்ளிரவில் படியே பற்றி எரிய, வீட்டார் ஜன்னல் வழியே குதிக்க நேரும் என்று எச்சரித்தார்.

அக்கடிதம் எழுப்பிய யோசனையின் பயனாக, 1736 டிசம்பர் 7-ஆம் தேதி, பிராங்க்ளினையும் உள்ளிட்டு, யூனியன் தீயணைப்புச் சங்கம் ஸ்தாபிதமாயிற்று. முப்பது பேரளவில் சேர்ந்தனர். சம்பளம் எவருக்கும் இல்லை. தோல் வாளிகளையும், சாமான்களைக் கட்டி அப்புறப்படுத்துவதற்குரிய உறுதியான பைகளையும் கூடைகளையும் ஒவ்வோர் அங்கத்தினரும் எந்நேரமும் செப்பமாக வைத்திருந்து, தீப்பிடித்த இடத்திற்கெல்லாம் எடுத்துவர வேண்டும் என்பது அவர்கள் எழுதிக் கையொப்பமிட்ட உடன்படிக்கை. நெருப்பை அவிப்பதோடு, எரியும் வீட்டினுள் அகப்பட்ட அண்டைவீட்டுக் குடும்பத்தின் துணிமணியையும் பாத்திரத்தையும் காப்பதும் தம் கடமை என்று அவர்கள் கருதியதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

மாதம் ஒருமுறை மாலையில் கூடி, தீயைப் பற்றித் தத்தமக்குத் தோன்றியவற்றைச் சம்பாஷித்தனர். வராதவர் அபராதம் செலுத்தினர். அச்சிறு தொகைகள் சேர்ந்தே தீயணைக்கும் பம்பாகவும், ஏணியாகவும், எரியும் கூரையைப் பிடித்திழுக்கும் இரும்புத் துரட்டியாகவும் மாறின. சேர விரும்பியோர் மிகுந்தபோது, ஒரே சங்கத்தைப் பெருக்காமல், வேறொன்று அமைத்துக்கொள்ளும்படி அவர்களுக்கு யோசனை கூறினர். அவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாய்ப் பல சங்கங்கள் எழுந்து, நாளடைவில் சொத்துடைய நகரவாசிகளுள் பெரும்பாலோர் ஏதேனும் ஒன்றில் அங்கம் பெற்றனர். 1752-இல் வீடுகளுக்குத் தீக் காப்பீடு அளிக்கும் ஸ்தாபனம் ஒன்றும் பிராங்க்ளின் முதலியோரின் முயற்சியால் அங்கே தோன்றியது.

1788-இல், எண்பது வயதைக் கடந்து நோயுற்றிருந்த பிராங்க்ளின் தம் சுயசரிதையில் இச்சங்கத்தைப் பற்றிய பகுதியை எழுதியபோது, ஆரம்ப அங்கத்தினருள் அவரும், அவருக்கு ஒரு வயது மூத்த இன்னொருவருமே எஞ்சியிருந்தனர். சங்கமோ அப்போதும் நடந்துகொண்டிருந்தது.