ஹைளுப் பாடமும் பெண்களின் சாட்சியமும்

ஃபிக்ஹுக் கலையில் மாணவர் மிகவும் தயங்கும் பாடம் ஹைளு எனப்படும் மாதவிடாய் பற்றியதே. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் இதனைத் தெளிய ஒன்பது ஆண்டுகள் செலவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. தன் வழக்கமான நாள்களை மறந்து தடுமாறும் பெண்ணை 'முத்தஹய்யிரா' என்பர், அவளைப் பற்றி மட்டுமே அபுல் ஃபரஜ் அத்தாரிமீ தனிநூல் யாத்ததை இமாம் நவவீ (மறைவு கி.பி. 1277) 'அல்மஜ்மூஉ' நூலில் குறிப்பிடுகின்றார்கள்.

இத்தனை ஆய்வுக்கும் மூலப்பொருள் யாது? ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும். மிகுந்த அளவு 15 நாள். ஹனஃபீ மத்ஹபில் அவை முறையே 3 நாளும் 10 நாளுமாகும். நம் கடற்கரை ஊர்களில் முன்னதும் உள்நாட்டில் பின்னதும் பெரிதும் பயிலப்படுகின்றன. குர்ஆன் நாள்களை வரையறுக்கவில்லை. ஹனஃபீ அறிஞர்கள் நபித்தோழர் வழிவந்த செய்திகளைச் சார்ந்தனர். இமாம் ஷாஃபிஈ (மறைவு கி.பி. 820) அவர்களோ 'இஸ்திக்ரா' என்னும் முறையைக் கைக்கொண்டார்கள், அதாவது, பெண்களின் நிலைகளை விசாரித்து அறிதல். திஹாமாப் பெண்கள் ஒன்பது வயதிலேயே பருவமடைவதைக் கேள்வியுற்றதாக அவர்கள் கூறியிருப்பது இவ்வகையினதே. காலையில் ஹைளு கண்டு மாலையில் தூய்மையாகும் பெண்ணொருத்தி தம் பகுதியில் உண்டு என்று சிரியாவின் இமாம் அவ்ஸாயீ கூறினார்கள். ஒரு நாள் காண்பவளையும் பதினைந்து நாள் காண்பவளையும் மக்காவின் அதா இப்னு அபீ ரபாஹ் குறிப்பிட்டார்கள். பேரறிஞர்களின் சட்ட எல்லைகள் பெண்களின் வாய்மொழியில் ஊன்றி நின்றன என்பது நம்மிற் பலர் கவனியாத உண்மை.

இதற்கு வித்திட்டவர்கள் மதீனாவின் பெண்கள். உதிரம் நில்லாமையைப் பற்றி ஃபாத்திமா பின்து அபீ ஹுபைஷ் (ரளி) நேரடியாகவே வினவினார்கள். அது ஹைளன்று, இரத்த நாளமொன்றிலிருந்து வருவது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இயல்பான உதிரமும் நோயின் உதிரமும் (இஸ்திஹாளா) அன்றே பிரித்துணரப்பட்டன. அதே தொல்லையுற்ற ஹம்னா பின்து ஜஹ்ஷ் (ரளி) அவர்களுக்கு, ஆறு அல்லது ஏழு நாள் ஹைளாகவும் எஞ்சிய 24 அல்லது 23 நாள் தூய்மையாகவும் கொள்ளுமாறு பணிக்கப்பட்டது; எவ்வாறு கூட்டினும் முப்பது! ஆயிஷா நாயகி (ரளி) அவர்களிடம் பெண்கள் மஞ்சள் படிந்த பஞ்சைக் கொடுத்தனுப்பி ஐயம் தீர்த்தனர்.

பருவமடையும் சிறுமி, வழக்கம் அமைந்தவள், ஹைளு நின்றவள் எனச் சட்டம் பருவங்களைப் பிரித்ததற்குரிய உடற்காரணத்தை மருத்துவம் பின்னரே கண்டது. ஈஸ்ட்ரோஜன் வகையின் முதல் ஹார்மோன் 1929-இலும், புரொஜெஸ்டிரோன் 1934-இலும் பிரித்தெடுக்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் சினைமுட்டை மாதந்தோறும் ஒழுங்காக வெளிப்படாமையால் நாள்கள் தவறுகின்றன. முடிவுக்கு முந்திய ஆண்டுகளிலும் அவ்வாறே.

ஹைளு நிற்கும் வயது ஹனஃபீகளிடம் 55, ஷாஃபிஈகளிடம் 62 என்பது பிரபலம். இவை சந்திர ஆண்டுகள். சூரியக் கணக்கில் 62 என்பது சற்றேறக்குறைய 60. இங்கேதான் ஒரு தவறு நேர்கிறது. ஓராண்டு முழுதும் நின்றபின் மீண்டும் உதிரம் கண்டால், 'இஸ்திஹாளாதானே, உளூச் செய்து தொழலாம்' என்றோ, '62 ஆகவில்லையே, ஹைளுதான்' என்றோ இருந்துவிடுவோர் உளர். தொழுகைக்கு அச்சட்டம் விடையாகலாம், நோய்க்கு ஆகாது. கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது இருக்கக்கூடுமாதலால் மருத்துவரைத் தாமதமின்றிக் காணவேண்டும். பெண்கள் அரபிக் கல்லூரிகளில் இப்பாடத்தோடு இதனையும் சேர்த்தே ஓதிக்கொடுக்கலாம். ஆண்களும் கேட்கலாம், துருக்கியின் இமாம் பிர்கிவீ (மறைவு கி.பி. 1573) ஹைளு பற்றிய தம் நூலின் தலைப்பிலேயே பெண்களோடு மணமான ஆண்களையும் சேர்த்தே விளித்தார்கள்.