ஏரிட்: வறள்நிலையைச் சுட்டும் ஓர் ஆங்கிலச் சொல்

'ஏரிட்' என்ற ஆங்கிலப் பெயரடைக்கு அகராதிகள் தரும் முதற்பொருள் 'மழை குன்றி வறண்ட' என்பது. நிலத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் பெரிதும் வழங்கும் இச்சொல் 17ஆம் நூற்றாண்டில் இலத்தீனின் 'ஆரிதுஸ்' என்பதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆனால் அதன் வேரில் மழை இல்லை, நெருப்புதான் இருக்கிறது. எரிதலைக் குறிக்கும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து இலத்தீனில் பலிபீடமாகிய 'ஆரா'வும், எரிதலாகிய 'ஆர்தேரே'யும், ஆங்கிலத்தில் சாம்பலாகிய 'ஆஷ்' என்பதும் பிறந்தன. 'ஆரிதுஸ்' அவற்றின் உடன்பிறப்பு. பாலைநிலத்தைக் குறிக்கும் 'டெசர்ட்' வேறு குடும்பம். 'கைவிடப்பட்டது' என்பது அதன் பொருள். ஆளில்லாத தீவு எவ்வளவு பசுமையாக இருந்தாலும் 'டெசர்ட் ஐலண்ட்' ஆவது அதனால்தான்.

இச்சொல்லை இலக்கியத்திலிருந்து அரசியலுக்கு இழுத்து வந்தவர் அமெரிக்க நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல். மேற்கு அமெரிக்காவின் 'ஏரிட்' பகுதி நிலங்களைப் பற்றி 1878இல் அவர் அளித்த அறிக்கை, ஆண்டுக்கு 20 அங்குல மழையை எல்லையாக வைத்தது. அதற்குக் கீழே பாசனமின்றி வேளாண்மையை நம்ப முடியாது என்றது. 160 ஏக்கர் கொடுத்துக் குடியேற்றும் சட்டம் அங்கே செல்லாது, மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கராவது வேண்டும் என்றும் சொன்னது. ஏர் பூட்டினால் மழை பின்னால் வரும் என்று நிலம் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு இது கசந்தது. இருக்கும் தண்ணீர் நிலம் முழுவதற்கும் போதாது என்று 1893இல் லாஸ் ஏஞ்சலிஸ் பாசன மாநாட்டில் அவர் சொன்னபோது அவையில் கூச்சல் எழுந்தது. ஒரு பெயரடைக்கு இவ்வளவு பகை அபூர்வம்.

ஆயினும் மழையளவை மட்டும் கொண்டு வரைந்த எல்லை எங்கும் பொருந்தாது. இங்கிலாந்தின் எசெக்ஸ் கடலோரத்தில் சில இடங்கள் பெறுவதும் ஏறத்தாழ அதே 20 அங்குலம், அதாவது 500 மி.மீ.தான், அந்த வட்டாரத்தில் பாசனமில்லாமலே கோதுமை விளைகிறது. வித்தியாசம் வானம் கொடுப்பதில் இல்லை, வெயிலும் காற்றும் திருப்பிக் கேட்பதில் இருக்கிறது. தண்ணீர் தாராளமாக இருந்தால் மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் எவ்வளவு ஆவியாகும் என்ற கணக்கை 1948இல் அமெரிக்கக் காலநிலையியலாளர் தார்ன்த்வைட் தட்பவெப்ப வகைப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குறியீடு மழையை அந்த அளவால் வகுக்கிறது: 0.05 முதல் 0.20 வரை 'ஏரிட்', அதற்கும் கீழே அதிவறள். வகுக்கும் எண்ணாக வந்து அமர்ந்திருப்பது பழைய நெருப்புதான்.

வேர்ச்சொல்லை வைத்து அறிவியலை விளக்குவது தற்செயலுக்கு மாலை போடுவது என்று ஒருவர் மறுக்கலாம். தார்ன்த்வைட் இலத்தீன் அகராதியைப் பார்த்துக் கணக்குப் போடவில்லை என்பது உண்மையே. வேர் சான்று ஆகாது. மழையைப் பற்றிய அகராதிப் பொருள் எதை விட்டுவிட்டது என்று காட்ட மட்டும் அது போதும். அண்டார்க்டிகாவின் மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளைக் காட்டும் மறுப்பு இன்னும் வலுவானது. உறைபனியில் எரிதல் எங்கே? ஆனால் அங்கும் கொஞ்சம் பனி விழத்தான் செய்கிறது. உயரத்திலிருந்து இறங்கும் உலர்காற்று அதில் பெரும்பகுதியை உருகவிடாமலே ஆவியாக்கிவிடுகிறது. அனல் இல்லை, வாங்கிக்கொள்ளும் கை இருக்கிறது.

சுவையற்ற எழுத்தையும் பலன் தராத வாதத்தையும் ஆங்கிலத்தில் 'ஏரிட்' என்பார்கள். நம் 'வறட்டு வேதாந்தம்' அதற்கு மிக அருகில் நிற்கிறது. 'வறட்டு கௌரவம்' நிற்கவில்லை, அதில் வீம்பு கலந்திருக்கிறது. நிலத்தைப் பற்றிப் பேசும்போதோ தமிழில் சிக்கல் வருகிறது. ஓராண்டு மழை பொய்ப்பதையும் ஒரு நிலத்தின் நிரந்தர இயல்பையும் 'வறட்சி' என்ற ஒரே சொல்லால் எழுதுகிறோம். முதலாவது ஆங்கிலத்தில் 'டிராட்', அது மழைக்காடுகளுக்கும் வரும். இரண்டாவதுதான் 'ஏரிட்', அதற்கு 'வறள்நிலை' என்று தனியே எழுதுவது நல்லது.