கரண்டிக் காம்பின் பின்புறம்

பதுளைக் கடைத்தெருவில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில், பித்தளைச் செம்புகளுக்கும் ஓடாத மணிக்கூடுகளுக்கும் நடுவே, கறுத்துப்போன தேக்கரண்டி ஒன்று சில வருடங்களுக்கு முன் எனக்குக் கிடைத்தது. "துரை வீட்டுச் சாமான்" என்றார் கடைக்காரர். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. வீட்டில் சோப்புத் தண்ணீரில் கழுவி, பக்கவாட்டு வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். காம்பின் பின்புறம் ஐந்து சிறு முத்திரைகள் இருந்தன: நடக்கும் சிங்கம், நங்கூரம், ஓர் ஆங்கில எழுத்து, ஒரு பெண்ணின் தலை, இரண்டு முதலெழுத்துகள்.

சிங்கம் வெள்ளியின் தரத்துக்கு அடையாளம். ஆயிரம் பங்கில் 925 பங்கு சுத்த வெள்ளி என்பது அதன் பொருள். நங்கூரம் பர்மிங்ஹாம் நகரைக் குறிக்கும். 1974 வரை கிரீடம் இருந்தால் ஷெபீல்ட், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். நம் தோட்டத் துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் பலர். எனவே கோட்டையும் முட்செடிப் பூவும் பொறித்த எடின்பரோ வெள்ளியும் இங்கே கிடைக்கலாம். முதலெழுத்துகள் செய்தவருடையவை.

தனி எழுத்து வருடத்தைச் சொல்லும். ஆனால் ஒவ்வொரு நகரமும் தனக்கெனத் தனி வரிசை வைத்திருந்தது. ஆகவே முதலில் நகரத்தைக் கண்டுபிடித்து, பின்பு எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் அந்நகரின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

பெண்ணின் தலை விக்டோரியா மகாராணியுடையது. வெள்ளிப் பொருளுக்கு வரி கட்டியதற்கு அடையாளமாக ஆள்பவரின் தலையைப் பொறிக்கும் வழக்கம் 1784 முதல் 1890 வரை இருந்தது. மகாராணி பட்டத்துக்கு வந்தது 1837 இல். எனவே என் கரண்டி அந்த ஆண்டுக்கும் 1890க்கும் இடையில் செய்யப்பட்டது.

நான்கு கட்டங்களில் ஈ, பி, என், எஸ் என்ற ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தால் ஏமாற வேண்டாம். அது செம்பு, நிக்கல், நாகம் கலந்த உலோகத்தின்மேல் வெள்ளி முலாம் பூசியது. காந்தத்தை வைத்தும் வேறுபாடு அறிய முடியாது, இரண்டுமே ஒட்டாது. மறுபுறம், சிங்கம் இல்லாததெல்லாம் போலி என்றும் சொல்லிவிட முடியாது. மெட்ராஸ் பி. ஓர் அன் சன்ஸ் போன்ற இந்தியக் கம்பெனிகள் தம் பெயரைப் பொறித்தன.

இவ்வளவும் கரண்டி சொன்னது. ஆனால் பிறந்த ஊரையும் காலத்தையும் சொல்லும் முத்திரை, அது வந்த வழியைச் சொல்வதில்லை. 1890க்கு முன் செய்த கரண்டி அப்போதே ஊவாவுக்கு வந்தது என்று சொல்ல முடியுமா? பதுளைக்கு ரயில் வந்தது 1924 இல். அதற்கு முன் வண்டிப்பாதையில் ஏறி வந்திருக்கலாம். ஒரு துரைசாணியின் சீதனமாகப் பிற்காலத்தில் ரயிலிலும் வந்திருக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பின்னும், 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், துரைமார் ஊர் திரும்பினார்கள். பங்களாச் சாமான்களில் சில விலைபோயின. சில அப்புவின் கையிலோ ஆயாவின் கையிலோ தங்கின. வருடக்கணக்காக அவற்றைத் துலக்கியவர்கள் அவர்களே. அவர்களுக்கென்று எந்த முத்திரையும் இல்லை. நம்மில் சிலர் அவர்களுடைய பேத்திகள்.

இன்று இக்கரண்டிகள் நிறுத்து விற்கப்பட்டு உருக்கப்படுகின்றன. கஷ்டத்துக்கு விற்பதைக் குறை சொல்ல நான் யார்? விற்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். முத்திரையைப் படம் எடுத்துப் பாருங்கள். உருக்கும் விலைக்கு மேலும் அது பெறுமதியாக இருக்கலாம். பிறகு வீட்டிலுள்ள மூத்தவரிடம், "இது எந்தத் தோட்டத்துப் பங்களா? யார் கொடுத்தது? ஏன் கொடுத்தது?" என்று கேட்டு, அவர் சொல்லுவதை அவர் பேச்சிலேயே எழுதி, திகதியும் இட்டு வையுங்கள். என் கரண்டியைப் பற்றிக் கேட்க எனக்கு ஒருவரும் இல்லை. உங்களுக்கு இன்னும் யாராவது இருக்கக்கூடும்.