முனியாண்டியும் முனியம்மாவும்: கழற்றிப் போட்ட சட்டை சொன்ன சேதி

2011-ல் ஆன்சைட் வேலையாக டெக்சஸில் இருந்தேன். என் ரூம்மேட் மதுரைக்காரர். கண்ணாடித் தொட்டியில் ஒரு டரான்டுலா வளர்த்தார். பெயர் முனியாண்டி. ஒருநாள் காலையில் பார்த்தால் எட்டுக் காலையும் விரித்து மல்லாக்கக் கிடக்கிறது. "முனியாண்டி போயிட்டான்!" என்று கத்தினேன். "சும்மா இருங்க பாஸ், சட்டை உரிக்குது" என்றார் சாவகாசமாக.

சாயங்காலம் தொட்டியில் ரெண்டு சிலந்தி. ஒன்று முனியாண்டி, இன்னொன்று அவன் கழற்றிப் போட்ட தோல். தோலின் வயிற்றுப் பகுதியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கிழியாமல் விரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். "முனியாண்டி இல்ல பாஸ், முனியம்மா!" அவருக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று அன்றைக்குப் புரியவில்லை. தேடிப் படித்தபோதுதான் இதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருப்பது தெரிந்தது.

முதலில் ஆயுள் கணக்கு. ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. ஜே. பேர்க் என்ற பூச்சியியல் பேராசிரியர் இருந்தார். டரான்டுலாக்களைப் பல வருடம் வளர்த்துக் கவனித்து, 1958-ல் அவற்றைப் பற்றி ஒரு புத்தகமும் போட்டார். அவர் ஊர்ப்பக்கத்து ஆண் சிலந்தி பருவத்துக்கு வரச் சுமார் பத்து வருடம் ஆகிறது. அதன்பின் அது சட்டை உரிப்பதில்லை. சில மாதங்களில் கதை முடிந்துவிடும். பெண்ணோ பருவத்துக்கு வந்த பிறகும் சட்டை உரித்துக்கொண்டே இருபது வருடத்தைத் தாண்டி வாழும். ரூம்மேட்டின் சந்தோஷம் இதுதான்.

சரி, தோலில் அப்படி என்ன தெரிகிறது? வயிற்றின் அடிப்பக்கம் வெள்ளைத் திட்டுகளாக நான்கு புத்தக நுரையீரல்கள். முன் ஜோடிக்கு நடுவே, உட்பக்கமாக, பெண்ணுக்கு விந்து சேமிக்கும் பை இருக்கும். அந்தப் பையின் உட்சுவரும் வெளித்தோலின் தொடர்ச்சிதான். அதனால் சட்டையோடு அதுவும் கழன்று வந்துவிடும். உள்ளே விந்து இருந்தால் அதுவும் போச்சு. சிலந்தி மறுபடி இணை சேர வேண்டும். ஆணின் தோலில் இந்தப் பை இருக்காது. ரொம்பக் குட்டி என்றால் லென்ஸ் போதாது, மைக்ராஸ்கோப் வேண்டும்.

இந்தப் பை ஆராய்ச்சியாளர்களுக்கும் பெரிய விஷயம். நம் வீட்டுத் தோட்டத்தில் வலை பின்னும் பல பெண் சிலந்திகளுக்கு, இனத்தை அடையாளம் காட்டும் உறுப்பு வயிற்றில் வெளியிலேயே தெரியும். டரான்டுலாவுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. 1962-ல் பியூனஸ் அயர்ஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரீட்டா ஷியாபெல்லி, பெர்தா கெர்ஷ்மன் டி பிகெலின் என்ற இரண்டு பெண்மணிகள் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்த வகைச் சிலந்திகளை வகைப்படுத்த விந்துப்பையின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதே அதன் பொருள். சிலவற்றுக்கு ரெண்டு தனித்தனி மடல், சிலவற்றுக்கு ஒரே அகலமான தகடு. ஆனால் பாடம் செய்த சிலந்தியில் அதைப் பார்க்க வயிற்றை அறுக்க வேண்டும். உயிரோடு இருப்பதில் பார்க்க, உரித்த சட்டைதான் வழி.

இது வெறும் வளர்ப்பவர்களின் ஆர்வம் மட்டுமல்ல. ஆந்திரத்தில் குத்தி ஜங்ஷன், மும்பை மெயிலில் போனவர்களுக்குத் தெரியும். அந்த ஊரில் கிடைத்த நீலநிற மரச் சிலந்தியை 1899-ல் போக்காக் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் விவரித்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2001-ல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி கண்ணில் பட்டது. இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனம். அப்படி ஒன்றில் ஆணா பெண்ணா என்று பார்க்கக் கத்தியை எடுக்க முடியுமா?

முனியம்மாவின் அந்தத் தோலை ரூம்மேட் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அன்று குப்பை என்று நினைத்தேன். அது ஒரு ஆவணம்.