மூலநாடா இருந்தால்தான் மறுவாழ்வு

திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரின் கீர்த்தனைகள் நமக்கு வந்து சேர்ந்ததில் வாலாஜாபேட்டைக்கும் பங்குண்டு. அவருடைய சீடரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும், அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதிக் காத்த கையெழுத்துப் படிகள் பின்னாளில் மதுரை சௌராஷ்டிர சபையைச் சென்றடைந்தன. பாடியவர் மறைந்த பின்னும் பாட்டு வாழ வேண்டுமானால், யாரேனும் ஒருவர் அதைப் பொறுப்புடன் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒலிப்பதிவு வந்த பிறகும் இந்த நியதி மாறவில்லை.

திரையிசை ஓங்கி நிற்கும் நம் நாட்டில், ராக், பாப் முயற்சிகள் பெரும்பாலும் கலைஞர்களின் பக்கவேலையாகவே இருந்துள்ளன. ஏ.ஆர். ரஹ்மான் இதற்கு நல்ல சான்று. 'ரோஜா' (1992) வெளிவருவதற்கு முன் அவர் திலீப் என்ற பெயரில் இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தார், விளம்பரங்களுக்கு இசையமைத்தார். அதற்கிடையே சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் 'ரூட்ஸ்' குழுவில் இயங்கினார். 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவையும் தொடங்கினார். இக்குழுக்களைப் பற்றி இன்று நினைவுகளின் வழியே அறிகிறோமேயன்றி, அவர்களது இசையைக் கேட்டு அறிவது அரிதாகவே உள்ளது.

அதே காலத்தில் பதிவாகி வெளிவந்த ஒரு தொகுப்பின் கதை வேறு. மால்குடி சுபா பாட, திலீப் இசையமைத்த 'செட் மீ ஃப்ரீ' என்ற ஆங்கிலத் தொகுப்பை மேக்னாசவுண்ட் நிறுவனம் 1991-இல் வெளியிட்டது. அன்று அது கவனம் பெறவில்லை. ரஹ்மானின் புகழ் நாடெங்கும் பரவிய பின், 1996-இல் அதே தொகுப்பு மீண்டும் வெளியிடப்பட்டது. பாடல்கள் மாறவில்லை, கேட்பவர்கள்தாம் மாறியிருந்தனர். இசையமைப்பாளர் பெயர் பெற்றதும் பதிவு கைக்கெட்டும் இடத்தில் இருந்ததும் இந்த மறுவெளியீட்டுக்குத் துணை நின்றன.

எல்லாக் கலைஞர்களுக்கும் அத்தகைய புகழ் வாய்ப்பதில்லை. மும்பைத் திரையிசையில் கிதார், கீபோர்டு வாசித்து வந்த சரண்ஜித் சிங், ஜப்பானிய மின்னிசைக் கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். 1982-இல் எச்.எம்.வி. வெளியிட்ட அந்தத் தட்டு விற்பனையாகவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் பழைய தட்டு ஒன்றைக் கண்டெடுத்ததன் பயனாக, 2010-இல் அது மறுவெளியீடு கண்டது. 1980-களின் பிற்பகுதியில் சிகாகோ நகரில் உருவான 'ஆசிட் ஹவுஸ்' இசையின் சாயல் அதில் முன்கூட்டியே இருப்பதைக் கேட்டு உலக ரசிகர்கள் வியந்தனர். சிங் ஐரோப்பிய மேடைகளில் வாசித்து அந்தப் பாராட்டை நேரில் பெற்றார், 2015-இல் மறைந்தார்.

நல்ல முடிவுதான். ஆனால், நம் இசையின் பிழைப்பு வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவரின் ஆர்வத்தையே நம்பியிருக்கலாமா?

இதற்குக் காலக்கெடுவும் உண்டு. ஒலிநாடாவில் காந்தத் துகள்களை ஒட்டிவைத்திருக்கும் பசை, ஈரக்காற்றை உறிஞ்சி நாளடைவில் பிசுபிசுத்துவிடும். அத்தகைய நாடாவை அப்படியே ஓடவிட்டால் துகள்கள் உரிந்து இசை அழியும். சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணிநேரம் பக்குவமாக உலர்த்திய பிறகே எண்ணிம வடிவுக்கு மாற்ற முடியும். அந்தப் பலனும் நிலையானதன்று. சில வாரங்களுக்குள் படியெடுத்துவிட வேண்டும்.

சட்டத்தின் நிலை என்ன? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1991-இல் வந்த தொகுப்புக்கு 2051 முடியும் வரை உரிமை உண்டு. நிறுவனம் மூடப்பட்டு உரிமையாளரைக் கண்டுபிடிக்க இயலாதபோது, உரிமம் கோர 31-ஏ பிரிவு வழிவிடுகிறது. வணிகப் பயன்பாட்டில் கலைஞர்களுக்கு உரிமத்தொகை உண்டு என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. ஆனால், எந்தப் பாடலில் யார் வாசித்தார் என்ற குறிப்பே இல்லாவிட்டால் அந்தத் தொகையை யாரிடம் சேர்ப்பது?

பெரிய குறை வேறொன்று. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். இசைத்தட்டும் ஒலிநாடாவும் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. யாரும் வாங்காத கவிதை நூலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, யாரும் வாங்காத இசைத்தொகுப்புக்கு இல்லை.

வெளியாகும் ஒவ்வொரு ஒலிப்பதிவின் ஒரு படியும், அதில் பங்கேற்ற கலைஞர்களின் பட்டியலும் பொது ஆவணக்காப்பகத்தில் சேர்க்கப்படுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். பழைய நாடாக்களைப் படியெடுக்கும் பணியை மாநில அரசும் இசைப் பல்கலைக்கழகமும் காலந்தாழ்த்தாமல் தொடங்கலாம். எது காலத்தை வெல்லும் என்று பதிவான அன்றே சொல்லிவிட முடியாது. அதனால்தான் எல்லாவற்றையும் காக்க வேண்டியிருக்கிறது. வாலாஜாபேட்டையில் அன்று ஒரு குடும்பம் ஏட்டைக் கொண்டு செய்த பணியை, இத்தனை கருவிகள் கைவசம் உள்ள ஓர் அரசால் செய்ய முடியாதா?