நிழலில் நறுக்கியவர்கள்

சமையலறையின் வரலாற்றை அடுப்பை வைத்தே எழுதுவது வழக்கம். விளக்கை வைத்தும் எழுதலாம். கூரையின் நடுவே ஒற்றை விளக்கு எரியும் அறையில், சுவரை நோக்கி நின்று காய் நறுக்குபவரின் முதுகில் ஒளி விழும். அவர் நிழல் கத்தியின்மேல் விழும். மின்சாரம் வந்த பின்னரும் வெகுகாலம் சமைத்தவர்கள் தம் நிழலுக்குள்ளேயே வேலை செய்தார்கள்.

இதை வடிவமைப்பின் சிக்கலாகக் கருதியவர்களுள் ஒருவர் வியன்னாவின் கட்டிடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டெ-லிஹோட்ஸ்கி. 1926இல் பிராங்க்பர்ட் நகரசபைக் குடியிருப்புகளுக்காக அவர் வரைந்த சமையலறை ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. சுமார் 10,000 வீடுகளில் அமைந்தது. அதன் இழுப்பறைகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். என்னைக் கவர்வது கூரையில் ஓடிய தடமும், அதில் தள்ளி நகர்த்தக்கூடிய விளக்கும்தான். பகலில் சன்னலடியில் வேலைமேடை. இரவில் விளக்கு கையைத் தேடி வரும். அதை வடிவமைக்கும்வரை தாம் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். (பழகிய கைக்கு நிழலும் பழகிவிடுகிறது போலும்.) அச்சிற்றறை பெண்ணைத் தனிமைப்படுத்தியது என்று 1970களின் பெண்ணியர்கள் விமரிசித்தனர். நியாயமான விமரிசனமே. ஆயினும் அவ்வுழைப்பு வெளிச்சத்துக்குரியது என்று ஒப்புக்கொண்ட அறையும் அதுதான்.

போருக்குப் பின் அமெரிக்க வீடுகளில் மேல் அலமாரிகளின் அடியில் டியூப் விளக்குகள் வந்தன. நிழல் அகன்றது, உணவின் நிறம் வெளிறியது.

எல்இடியின் கதை வேறு. சிவப்பு எல்இடி 1962இலேயே கிடைத்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு 1990களின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது அதற்காகவே. நீல ஒளியின்மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசியே வெள்ளையொளி பெற்றார்கள். அதில் சிவப்பு குறைவு என்பதால் மலிவான பட்டையின் கீழ் தக்காளி வாடித் தெரிகிறது. நிறக்காட்டுத்திறன் 90க்கு மேலும், நிறவெப்பம் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலும் உள்ளதை வாங்குவது அதனால்தான்.

பட்டையைச் சுவரோரம் ஒட்டினால் சுவரே ஒளிரும். கை இருட்டில் நிற்கும். அலமாரியின் முன்விளிம்பை ஒட்டி, விளிம்புப் பலகையின் மறைவில் ஒட்டவேண்டும். மேடை பளபளக்கும் கருங்கல்லாயின் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் அதில் தெரியும். பால்நிற மூடியிட்ட அலுமினியத் தடத்துக்குள் வைத்தால் புள்ளிகள் கரைந்து ஒரே கோடாகும்.