தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி (1679)

அச்சேறிய முதல் தமிழ் அகராதி. மதுரை மறைப்பணித் தளத்தில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி அந்தாவோ தெ புரோயென்சா (1625–1666) தொகுத்தது. தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் பொருளைப் போர்த்துக்கீசியத்திலும் தருகிறது. ஏறத்தாழ 16,500 சொற்கள் கொண்டது.

தோற்றம்
அதற்கு முன் தமிழில் சொற்பொருள் சொல்லியவை நிகண்டுகள். திவாகரம் சொற்களைப் பொருள்வகையாகத் தொகுத்தது. சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு (1594) அவற்றை அகர வரிசைக்குக் கொண்டுவந்தது. இரண்டும் செய்யுள் நூல்கள். மனப்பாடம் செய்யும் புலவருக்கு உரியவை. ஊர் மக்களோடு பேசவும் மறையுரை ஆற்றவும் வேண்டியிருந்த அயல்நாட்டுத் துறவியருக்கோ பேச்சுவழக்குச் சொற்கள் தேவைப்பட்டன. அத்தேவையே இந்நூலைப் பிறப்பித்தது. தொகுத்தவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, கேரளத்தின் அம்பழக்காட்டில் இது அச்சிடப்பட்டது. இக்னேசியஸ் ஆயிச்சாமணி என்பவர் மரத்தில் எழுத்துகளை வெட்டிக் கொடுத்தார் என்பர்.

மீட்பு
நெடுங்காலம் ஆய்வாளர் கண்ணில் படாதிருந்த இந்நூலின் படி ஒன்றை, தனிநாயகம் அடிகள் 1950களில் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். பின்னர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய அவர், 1966இல் அத்துறை வழியாக அதன் ஒளிநகல் பதிப்பை வெளியிட்டார். முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கே கூடிய ஆண்டும் அதுவே.

மதிப்பீடு
தமிழிலிருந்து போர்த்துக்கீசியத்துக்கு மட்டுமே செல்வதால், கேட்டதையும் படித்ததையும் விளங்கிக்கொள்ள இந்நூல் உதவும். தமிழில் பேச முனைபவர் தேடும் சொல்லை இதில் எளிதில் எடுக்க முடியாது. எழுத்துமுறை வீரமாமுனிவரின் சீர்திருத்தத்துக்கு முந்தையது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபடாத காலம் அது. எனவே எந்தச் சொல் குறிக்கப்படுகிறது என்பதை உறுதிசெய்ய, இன்றைய தமிழரே போர்த்துக்கீசியப் பொருளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சொற்பெருக்கத்தில் பிற்கால அகராதிகள் இதை வெகுவாகக் கடந்துவிட்டன. வின்சுலோ அகராதி (1862) 67,000க்கும் மேற்பட்ட சொற்களையும், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–36) ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களையும் கொண்டவை. ஆனால் புரோயென்சா 1666இலேயே மறைந்ததால், இதிலுள்ள வழக்குகள் பெரும்பாலும் அதற்கு முற்பட்டவை. பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழை ஆராய்பவருக்கு இது காலம் தெரிந்த சான்று. இதில் ஒரு சொல் இருப்பது அன்று அது வழங்கியதற்கு ஆதாரமாகும். இல்லாமை, அது வழங்கவில்லை என்பதற்கு ஆதாரமாகாது.